புதிய தொழிலாளர் சட்டங்கள்: 64 பேர் வேலை செய்யும் பட்டறை எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

கேள்வி இதுதான்: கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் பட்டறை. 42 பேர் நிரந்தரம், 8 பேர் ஓராண்டு ஒப்பந்தம், ஒடிசா, பீகாரைச் சேர்ந்த 14 பேர் கான்ட்ராக்டர் மூலம். "பேசிக்கை (அடிப்படைச் சம்பளத்தை) மொத்தச் சம்பளத்தில் 50 சதவீதமாக்கிவிட்டால் போதும், மற்றதெல்லாம் மாநில விதிகள் வந்த பிறகு பார்க்கலாம்" என்கிறார் கன்சல்டன்ட். அது போதுமா?

போதாது. அவர் சொன்னதில் இரண்டு பாதியுமே தவறு. இரண்டாவது பாதி சுருக்கமானது. அதை முதலில் முடித்துவிடலாம்.

ஊதியம், தொழில் உறவு, சமூகப் பாதுகாப்பு, பணியிடப் பாதுகாப்பு என்ற நான்கு சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிவிட்டன. தனியார் பட்டறைகளைப் பொறுத்தவரை விதி எழுதவேண்டியது மாநில அரசு. ஆனால் விதி சொல்வது பெரும்பாலும் எந்தப் படிவம், எந்தப் பதிவேடு, யாரிடம் விண்ணப்பம் என்பதைத்தான். கொடுக்கவேண்டிய கடமை சட்டத்திலேயே இருக்கிறது. ஊதியம் என்றால் என்ன, வேலையை விட்டவருக்கு எத்தனை நாளில் பணம், ஓவர்டைமுக்கு என்ன விகிதம், யாருக்கு நியமனக் கடிதம், எத்தனை நாள் வேலை செய்தால் விடுப்பு என்பதெல்லாம் விதிக்காகக் காத்திருப்பவை அல்ல. நாளை ஒரு தொழிலாளி ராஜினாமா செய்தால், "விதி இன்னும் வரவில்லை" என்ற பதில் எங்கும் நிற்காது. புதிய சட்டத்துக்கு முரணாகாத பழைய விதிகள் அதுவரை தொடரும் என்பதால் இருக்கிற பதிவேடுகளை நிறுத்தவும் கூடாது.

இப்போது முதல் பாதி. அதில்தான் பணம் இருக்கிறது.

"பேசிக் 50 சதவீதம் இருக்கவேண்டும்" என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. ஒருவருக்குக் கொடுக்கும் எல்லாமே ஊதியம் என்று தொடங்கி, சிலவற்றை மட்டும் பெயர் சொல்லி வெளியே எடுக்கிறது சட்டம்: வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி, முதலாளி கட்டும் பி.எஃப்., ஓவர்டைம், கமிஷன், பணி ஒப்பந்த ஊதியத்தில் சேராத சட்டப்படியான போனஸ், வேலையின் தன்மையால் வரும் தனிச்செலவுக்குக் கொடுப்பது போன்றவை. அப்படி வெளியே எடுத்தவற்றின் கூட்டுத்தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய அளவு மீண்டும் ஊதியத்துக்குள் வரும். பணிக்கொடையும் (கிராச்சுட்டி) ஆட்குறைப்பு இழப்பீடும் இந்தப் பாதிக் கணக்கில் சேராது.

நம் ஊர்ச் சம்பளச் சீட்டுகளில் தவறாமல் இருக்கும் "ஸ்பெஷல் அலவன்ஸ்" அந்த வெளியேறும் பட்டியலில் இல்லை. ஒரு சி.என்.சி. ஆபரேட்டரின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேசிக்கும் டி.ஏ.வும் (பஞ்சப்படி) சேர்த்து 13,000. வீட்டு வாடகைப்படி 6,000. போக்குவரத்து 3,000. ஸ்பெஷல் அலவன்ஸ் 8,000. மொத்தம் 30,000. கன்சல்டன்ட் சொன்னபடி பேசிக்கை 15,000 ஆக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால், 6,000 ரூபாய்க்குக் கணக்கு தப்பும். இவருக்குச் சட்டப்படியான ஊதியம் 13,000-மும் இல்லை, 15,000-மும் இல்லை. வாடகையும் போக்குவரத்தும் போக மீதி 21,000.

இதையே பணிக்கொடையில் வைத்துப் பாருங்கள். இவருக்கு 12 வருடச் சர்வீஸ் என்றால், 13,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்க, 90,000 வரும். 21,000-க்கு அதே கணக்கு 1,45,385. ஒரே ஆளுக்கு 55,000-க்கு மேல் வித்தியாசம். இனி வரும் வருடங்களுக்கு மட்டுமான வித்தியாசமும் இல்லை இது. பணிக்கொடை கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்து முழுச் சர்வீஸுக்கும் கணக்கிடப்படுவதால், கடந்துபோன 12 வருடமும் புதிய விலையில் வந்து நிற்கும். 42 நிரந்தரத் தொழிலாளர்களுக்கும் இந்த வித்தியாசத்தைப் போட்டுக் கூட்டுங்கள். அந்தத் தொகையை ஆடிட்டரிடம் கொடுத்து இந்த ஆண்டுக் கணக்கிலேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். பணிக்கொடைக்கு எல்.ஐ.சி. போன்ற குழுக் காப்பீடு வைத்திருந்தால், நீங்கள் அவர்களுக்கு அனுப்பியிருக்கும் சம்பள விவரம் பழைய பேசிக்காக இருக்கும். அதை மாற்றி அனுப்பாவிட்டால், ஒருவர் விலகும் நாளில் காப்பீட்டிலிருந்து வருவது ஒரு தொகை, நீங்கள் தரவேண்டியது வேறு தொகை.

மற்றொரு வகைச் சீட்டும் உண்டு: பேசிக் 12,000, வாடகைப்படி 12,000, போக்குவரத்து 6,000. இதில் முதலாளியின் பி.எஃப். 1,800-ஐச் சேர்த்தால் மொத்தம் 31,800. வெளியேறுபவை 19,800. பாதி 15,900. தாண்டிய 3,900 ஊதியத்தில் சேர்ந்து, 12,000 என்பது 15,900 ஆகும். 50 சதவீதம் வேலை செய்வது இந்த மாதிரிச் சீட்டில்தான்.

பி.எஃப். பற்றிப் பயம் அதிகமாகப் பரவியிருக்கிறது. 15,000 உச்சவரம்பில் பி.எஃப். பிடிப்பவர்களுக்குக் கைக்கு வரும் சம்பளம் குறையாது என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகமே விளக்கம் தந்திருக்கிறது. ஆனால் மேலே உள்ள ஆபரேட்டருக்கு 13,000-க்கு மட்டும் பிடித்து வந்திருந்தால், அது பழைய குறை. எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் ஸ்பெஷல் அலவன்ஸ் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில் எதிர்த்திசை. அங்கே வரம்பு 21,000. பழைய கணக்கில் வாடகைப்படியும் ஊதியமாக இருந்ததால் வெளியே நின்றவர்கள், இப்போது அது கழிந்து உள்ளே வரக்கூடும். நம் ஆபரேட்டர் சரியாக அந்த விளிம்பில் நிற்கிறார். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25 சதவீதம். பெயர்ப் பட்டியலை மறுபடி போட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் கேட்டதும் பலரும் செய்வது, சம்பளச் சீட்டைப் பிரித்து மறுபடி அடுக்குவது. என் கருத்து: சீட்டைத் தொடாதீர்கள், கணக்கை மட்டும் மாற்றுங்கள். சம்பள மென்பொருளிலோ எக்ஸெலிலோ "சட்டப்படி ஊதியம்" என்று ஒரு தனிப் பத்தியைச் சேர்த்து, பணிக்கொடை, ஓவர்டைம், விடுப்புச் சம்பளம், ஈ.எஸ்.ஐ. எல்லாம் அந்தப் பத்தியிலிருந்து வரும்படி வைத்தால் போதும். படிகளின் அமைப்பை மாற்றினால் அது பணி நிபந்தனை மாற்றம். ஊதியம், படிகள், வேலை நேரம், விடுப்பு போன்றவற்றில் மாற்றம் செய்ய, பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முன்னறிவிப்பு கொடுத்து 21 நாள் கடக்கவேண்டும் என்கிறது தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின் 40-ஆம் பிரிவு. மாதக் கடைசியில் அக்கவுன்டன்ட் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு, 7-ஆம் தேதி கையில் 400 ரூபாய் குறைந்திருப்பதைத் தொழிலாளி பார்க்கும்போதுதான் தகராறு பிறக்கிறது. மாற்றியே ஆகவேண்டுமென்றால் நோட்டீஸைத் தமிழில் எழுதி, ஒவ்வொருவருக்கும் பழைய சீட்டையும் புதிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, 21 நாள் கழிந்த பிறகு செய்யுங்கள். சங்கம் இருந்தால் ஒப்பந்தமாகப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

அடுத்தது நியமனக் கடிதம், நம் பேச்சில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர். புதிதாகச் சேருபவருக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே கடிதம் இல்லாமல் வேலை செய்பவருக்கும் சட்டம் அமலான மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்கவேண்டும். அந்தக் கெடு 2026 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுங்கள். ஒரு தாளில் அடங்கும்: பெயர், பதவி, திறன் வகை, சேர்ந்த தேதி, ஊதியம் பிரித்து, வேலை நேரம், பி.எஃப். எண், ஈ.எஸ்.ஐ. எண், விலகுவதற்கான நோட்டீஸ் காலம்.

இதில் கவனமாக இருக்கவேண்டிய ஒரே இடம் "சேர்ந்த தேதி". 2011-இல் வந்து சேர்ந்த டர்னருக்கு, கடிதம் அடிக்கும் நாளையே சேர்ந்த தேதியாகப் போட்டுக் கொடுப்பது நடக்கிறது. சிலர் தெரியாமல் செய்கிறார்கள், சிலர் தெரிந்தே செய்கிறார்கள். தெரியாமல் செய்தாலும் அது ஒருவருடைய பதினான்கு வருட உழைப்பை ஒரு வரியில் அழிப்பது. சட்டத்திலும் அது நிற்காது, பி.எஃப். பாஸ்புக்கில் முதல் மாதம் எது என்று எவரும் கைபேசியிலேயே பார்த்துவிடலாம். பழைய மஸ்டர் ரோல், ஈ.எஸ்.ஐ. பதிவு, பி.எஃப். பதிவு மூன்றிலும் எது முந்தையதோ அதைப் போடுங்கள். ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு அவர்கள் படிக்கும் மொழியில் ஒரு பிரதி கொடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். நீக்கினாலும், ஆட்குறைப்பு செய்தாலும், அவரே ராஜினாமா செய்தாலும், மூடினாலும் இதே கெடுதான். "அடுத்த மாதச் சம்பளத்தோடு செட்டில்மென்ட்" என்ற பழக்கம் இனிச் செல்லாது. இதில் தடை போடுவது பணம் இல்லை, பெரும்பாலும் தாள்தான். ஸ்டோரில் வெர்னியர் திரும்பி வந்ததா, டூல் ரூமில் கையெழுத்தானதா, அட்வான்ஸ் எவ்வளவு பாக்கி என்று ஒவ்வொன்றாகத் தேடும்போது இரண்டு நாள் போய்விடும். ராஜினாமா கடிதம் வந்த அன்றே "பாக்கி இல்லை" படிவத்தைச் சுற்றுக்கு விட்டு, கடைசி வேலை நாளுக்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள். வருகைப் பதிவு இயந்திரத்திலிருந்து அந்த ஒருவருடைய நாட்களை மட்டும் எடுக்கத் தெரிந்தவர் அலுவலகத்தில் இரண்டு பேராவது இருக்கவேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டவர்கள்தான் சிக்கல். அவர்களுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, சேராவிட்டால் எந்த நாளை விலகிய நாளாகக் கொள்வீர்கள் என்று எழுதிவையுங்கள். பணிக்கொடைக்குக் கெடு தனி: 30 நாள்.

அட்வான்ஸ் பிடித்தத்திலும் ஒரு வரம்பு உண்டு. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த ஊதியக் காலத்தின் ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. தீபாவளிக்கு 40,000 கொடுத்துவிட்டு இரண்டே மாதத்தில் பிடிக்க நினைத்தால் அடிபடும். கொடுக்கும்போதே தவணையை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஓவர்டைம் இந்த ஊர்ப் பட்டறைகளின் பெரிய பள்ளம். இரட்டை விகிதம் என்பது பழைய தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்ததுதான். நடைமுறையில் பேசிக்கை மட்டும் வைத்தோ, ஒற்றை விகிதத்திலோ, "இன்சென்டிவ்" என்ற பெயரில் உறையில் போட்டோ கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் ஆபரேட்டருக்கு 21,000-ஐ 208 மணியால் (26 நாள், நாளுக்கு 8 மணி) வகுத்து இரண்டால் பெருக்கினால் மணிக்கு 202 ரூபாய். பேசிக்கில் போட்டால் 125. இந்த 77 ரூபாய் வித்தியாசம் ஒரு மாதத்தில் 30 மணி நேரத்துக்கு 2,310. இப்போது மூன்று விஷயங்களைச் சேர்த்துப் பாருங்கள்: தொழிலாளி மூன்று வருடம் வரை பின்னோக்கிக் கோரலாம், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது, உறுதியான பாக்கித் தொகைக்கு மேல் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. உறையில் கொடுத்த பணத்துக்கு உங்களிடம் என்ன சாட்சி? ஓவர்டைமை வங்கி வழியே, சீட்டில் தனி வரியில், மணிக்கணக்கோடு கொடுங்கள். தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. ஷிப்ட் முடிய ஐந்து நிமிடத்துக்கு முன் சூப்பர்வைசர் "இன்னைக்கு எட்டு வரைக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவது சம்மதம் ஆகாது. வாரத் தொடக்கத்திலேயே ஒரு தாளில் யார் எந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குறைவாகச் சம்பளம் கொடுத்ததற்கு முதல் முறை 50,000 வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி அதே தவறென்றால் மூன்று மாதம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் முறை பதிவேட்டுத் தவறுகள் போன்றவற்றுக்கு வழக்குக்கு முன் சரிசெய்ய அவகாசம் தரப்படுகிறது. அதை நம்பிச் சும்மா இருப்பது சரியல்ல. அதே தவறு திரும்பினால் அந்த அவகாசம் கிடையாது.

இனி அந்த 8 ஒப்பந்தக்காரர்கள். குறிப்பிட்ட கால வேலைக்கு எடுப்பதைச் சட்டம் இப்போது வெளிப்படையாக அனுமதிக்கிறது. அதற்கு ஈடாக, அதே வேலை செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கு என்ன ஊதியம், என்ன சலுகையோ அதே இவர்களுக்கும். ஒப்பந்தம் முடியும்போது பணிக்கொடைக்கு ஐந்து வருடம் தேவையில்லை. ஒரு வருடம் முடித்தாலே உண்டு என்பது மத்திய அரசின் விளக்கம். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஆண்டுக்கு 15 நாள் ஊதியத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு முதலாளிகள் மறந்துவிடுவது வேறொன்று: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் 1981-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். நீக்கப்பட்டவை மத்தியச் சட்டங்கள். ஓராண்டு ஒப்பந்தத்தை மூன்றாவது முறை புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் வழக்கறிஞரிடம் அந்த 480 நாளைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு வருடமாக ஒரே மெஷினில் நிற்பவரைத் தற்காலிகம் என்று சொல்வது நியாயமும் இல்லை.

கான்ட்ராக்டர் வழி வரும் 14 பேர் விஷயத்தில், "ஒப்பந்தத் தொழிலாளர் பகுதி 50 பேரிலிருந்துதானே, நமக்கு இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். அந்த எண் சரி. ஆனால் வெளிமாநிலத் தொழிலாளர் பகுதிக்கு வரம்பு வெறும் 10. மாத ஊதியம் 18,000 வரை வாங்கும் வெளிமாநிலத்தவர் அதில் வருவார். கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும், நீங்கள் நேரடியாக எடுத்தாலும் அப்படியே. ஊருக்குப் போய்வர பயணப்படி அந்தப் பகுதியில் இருக்கிறது. முதலில் 14 பேரின் உண்மையான ஊதியத்தைக் கான்ட்ராக்டரிடம் வங்கி அறிக்கையாகவே வாங்குங்கள். அவர் எழுதித் தரும் தாள் போதாது. ஏனென்றால் கான்ட்ராக்டர் கொடுக்காத சம்பளத்துக்குக் கடைசியில் நிறுவனத்தின் உரிமையாளரே பொறுப்பு. பில்லை அனுமதிக்கும் முன் போன மாதத்தின் வங்கிச் சான்று, பி.எஃப். சலான், ஈ.எஸ்.ஐ. சலான் மூன்றும் வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் பாதித் தொல்லை தீரும்.

சின்ன வேலைகள் சில. 20 தொழிலாளர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குறைதீர்ப்புக் குழு வேண்டும்: இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துக்கு மிகாமல், பெண்கள் தங்கள் விகிதத்துக்குக் குறையாமல், புகாரை 30 நாளில் முடிக்கவேண்டும். சம்பளத்தோடு விடுப்பு பெற இனி ஆண்டுக்கு 180 நாள் வேலை போதும், முன்பு 240. எனவே இடையில் சேர்ந்தவர்களின் விடுப்புக் கணக்கை மறுபடி போடவேண்டும். இலவச ஆண்டு மருத்துவப் பரிசோதனை எந்த வயதினருக்கு என்பதை மட்டும் விதிதான் முடிவுசெய்யும். ஆனாலும் கூலன்ட் ஆவியிலும் பிரஸ் சத்தத்திலும் வேலை செய்பவர்களுக்குக் காது, நுரையீரல், கண் சோதனையை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

தேசிய, பண்டிகை விடுமுறை ஒன்பது நாள், தொழிலாளர் நல நிதி ஆகிய இரண்டும் மாநிலச் சட்டப்படி அப்படியே தொடர்கின்றன. மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அவற்றை நீக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வரிசை என்று கேட்டால்: முதல் வாரம் ஊதியப் பத்தியும் நியமனக் கடிதமும். இரண்டாவது வாரம் ஓவர்டைம் கணக்கும் விலகல் படிவமும். மூன்றாவது வாரம் கான்ட்ராக்டர் ஆவணங்கள், ஈ.எஸ்.ஐ. பட்டியல். நான்காவது வாரம் பணிக்கொடைத் தொகையோடு ஆடிட்டரிடம் போய் உட்காருங்கள். அதற்கும் முன்னால், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டி, என்ன மாறப்போகிறது, யாருடைய கைச்சம்பளமாவது குறையுமா என்பதைத் தொகையோடு சொல்லுங்கள். மேலே சொன்ன ஆபரேட்டரிடம் ஈ.எஸ்.ஐ.க்கு மாதம் சுமார் 158 ரூபாய் பிடிக்கப்படும், அதற்கு அவர் குடும்பத்துக்கு மருத்துவம் கிடைக்கும் என்பதை உங்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் அவர் சீட்டைப் பார்க்கவேண்டும்.